ஐம்பது அடி

அந்த அம்மாவின் களிக்கடையில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. தோல் கம்பெனியின் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவரும் அதில்தான் உட்கார வேண்டும். ஊர் நிர்வாகத்தைப் பார்த்த யூனியன் ஆபீஸில் ரைட்டராக இருந்த நானும் அதில்தான் உட்கார வேண்டும். ஒருமுறை குடியாத்தம் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெரிய மனிதர் ஒருவர் மோர் கேட்டார். தனக்குத் தனி டம்ளர் வேண்டும் என்றும் கேட்டார். அந்த அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கிட்ட இருக்கிற டம்ளரு இதான். வேணாம்னா கையை ஏந்து, ஊத்துறேன்."

பெரிய மனிதர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அம்மா அடுத்தவருக்குக் களி உருண்டையை வைத்தார். அவமதிக்க வேண்டும் என்று அவர் அப்படிப் பேசவில்லை. என்னிடமும் அப்படித்தான் பேசுவார். தோல் மூட்டை தூக்குகிறவரிடமும், யூனியன் தலைவரிடமும், என்றைக்காவது குதிரையில் வந்து இறங்கும் போலீஸ் அதிகாரியிடமும் அதே சத்தம், அதே 'நீ'. ஆளுக்குத் தகுந்தபடி குரலை ஏற்றி இறக்கும் வித்தையை அவர் கற்றுக்கொள்ளவே இல்லை. ஊரில் பலர் அதைத் திமிர் என்றார்கள். கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் ஊர் ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடிக்குப் போகிற வழியில், பாலாற்றை ஒட்டி இருந்தது. பெங்களூர் ரோடுதான் ஊரின் கடைத்தெரு. அம்மாவின் வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் பச்சைத் தோல் பிரித்துப் போடும் வேலையில் இருந்தவர். கழுத்தில் கறுப்பாக ஒரு கட்டி வந்து மூன்றே நாளில் போய்விட்டார். கம்பெனி என்ன கொடுத்தது என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"லீவு குடுத்தாங்க" என்றார் அம்மா. "எடுக்கிற அன்னிக்கு அரை நாளு."

அதற்குப் பிறகு ரோட்டோரத்தில் கூரை போட்டுக் கடை வைத்தார். ராகிக்களி, கருவாட்டுக் குழம்பு, வெயில் காலத்தில் மோர். மத்தியானச் சங்கு ஊதினால் ஆவாரம்பட்டைச் சாறு ஏறிச் சிவந்த கைகளோடு நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். நான் கல்யாணமாகாதவன், மேல்பட்டியிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருந்தவன். எனக்கும் மத்தியானச் சோறு அங்கேதான்.

பத்து வருடம் அந்த அடுப்பு அங்கே எரிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் அதற்குப் பிறகுதான் வந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஆபீஸில் இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

ரோட்டில் மாட்டு வண்டியும் ஜட்காவும் குறைந்து பஸ்கள் ஓடத் தொடங்கிய காலம். எங்கள் ஊரில் ஒருவர் மூன்று பஸ் வைத்திருந்தார். பஸ் முதலாளி என்றால் அவர்தான். பெட்ரோல் விற்க ஏஜென்சியும் எடுத்தார். முதலில் டின்களில் வந்தது. மரப்பெட்டிக்கு இரண்டு டின்னாக ஆம்பூர் ஸ்டேஷனில் இறக்கி, வைக்கோல் விரித்த வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அம்மாவின் கடையை ஒட்டி ஓட்டுக் கொட்டகை போட்டு, அதில் ஆள் உயரத்துக்கு அடுக்கினார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான்.

விற்பனை கூடியதும் டின் போதவில்லை. ஏதோ ஒரு தோல் கம்பெனி வேண்டாம் என்று ஒதுக்கிய பெரிய இரும்புத் தொட்டியை முதலாளி வாங்கி வந்தார். தகடுகளை ஆணி அறைந்து சேர்த்த பழைய தொட்டி. பூமியில் குழி தோண்டிப் புதைக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, அடியில் பாறை என்று சொல்லிவிட்டார். யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. கொட்டகைக்கு முன்னால் நான்கு செங்கல் தூண் எழுப்பி, அதன்மேல் தொட்டியை ஏற்றினார்கள். பூமிக்கு மேலே இருந்தால் பம்பு வேண்டாம். குழாயைத் திறந்தால் பெட்ரோல் தானாக இறங்கும். முதலாளிக்கு அதில் பெரிய சந்தோஷம்.

பூமிக்கு மேலே வைப்பதற்கு விதிகள் இருந்தன. அந்தக் காகிதம் என் மேஜை வழியாகத்தான் போனது. தொட்டியைச் சுற்றிச் சுவர் கட்ட வேண்டும். தொட்டி உடைந்து மொத்தமும் கொட்டினாலும் ஒரு சொட்டு வெளியே போகாத அளவுக்கு உயரமும் கெட்டியும் வேண்டும். மணல் வாளிகள் தயாராக இருக்க வேண்டும். ஐம்பது அடிக்குள் நெருப்பு கூடாது. யூனியன் தலைவர் போய்ப் பார்த்தார். சுவர் இல்லை. "விரைவில் கட்டப்படும்" என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எழுதியது நான்.

தொட்டியில் பெட்ரோல் ஊற்றுவதற்கும் வண்டிகளுக்கு நிரப்புவதற்கும் ஒரே ஆள். வாணியம்பாடியிலிருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும், எல்லோருக்கும் பாய். பொறுமைசாலி. ஒவ்வொரு டின்னாகத் தோளில் வைத்து ஏணியில் ஏறித் தொட்டியின் வாயில் கவிழ்ப்பார். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு மூங்கில் குச்சிதான். அவர் அந்த அம்மாவை 'ஆபா' என்பார், உருதில் அக்கா. பெட்ரோலைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் களி தின்றுகொண்டே பாய் சொல்லித் தந்ததுதான்.

"கிருஷ்ணாயில் மாதிரி இல்ல ஆபா. கிருஷ்ணாயில் இருக்கிற எடத்துலதான் எரியும். இதோட ஆவி கண்ணுக்குத் தெரியாது, தரையோட தரையா ஊர்ந்து போய் நெருப்பைத் தேடும். தீ புடிச்சா தண்ணி ஊத்தக் கூடாது. தண்ணி மேல மெதந்து இன்னும் தூரம் போவும். மண்ணைப் போட்டு மூடணும்."

எங்கள் ஊரில் எதையும் முகர்ந்து கண்டுபிடிப்பது கஷ்டம். சுண்ணாம்புக் குழி, ஊறல் தொட்டி, காய்கிற தோல் என்று காற்று முழுக்க ஒரே நாற்றம். அதனால்தான் தொட்டி ஒழுகியது யாருக்கும் தெரியவில்லை என்று பிறகு ஆபீஸில் சொன்னார்கள். அது பொய். அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. மண்சுவரின் அடிப்பாகம் ஈரமாக இருந்ததைப் பார்த்து, பழந்துணி ஒன்றை அதில் ஒற்றி எடுத்துக்கொண்டு நேராக யூனியன் ஆபீஸுக்கு வந்தார். தலைவர் அறையில் பஸ் முதலாளியும் உட்கார்ந்திருந்தார். அம்மா துணியைத் தலைவரின் மேஜையில் போட்டார்.

"மோந்து பாரு."

தலைவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். "இன்னாம்மா இது?"

"என் செவுத்துல இருந்து எடுத்தது. அந்தாண்ட தொட்டி ஒழுவுது, இந்தாண்ட நான் அடுப்பு எரிக்கிறேன். உன் காகிதத்துல இன்னா போட்டிருக்குது? ரைட்டர படிக்கச் சொல்லு."

தலைவர் தலையசைத்தார். நான் படித்தேன். சுவர், மணல் என்று படித்துக்கொண்டே வந்து ஐம்பது அடிக்கு வந்தபோது முதலாளி கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. அந்த வரியை இன்னொரு தபா படிங்க."

படித்தேன்.

"தலைவரே, அம்பது அடிக்குள்ள நெருப்பு யாருது? என்னுதா? இந்தம்மாவோட அடுப்பு. அப்போ விதியை மீறினது யாரு?"

தலைவரின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். இன்று நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஒழுகுகிற தொட்டியை விட்டுவிட்டு, எரிகிற அடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அது பத்து வருசமா எரியிற அடுப்புப்பா" என்றார் அம்மா. "தொட்டி போன தையில வந்தது."

"எது முன்ன வந்துதுன்னு விதியில கேக்கலையே" என்றார் முதலாளி.

"ரைட்டர், நோட்டீஸ் எழுதுங்க" என்றார் தலைவர். அடுப்பை ஏழு நாளில் ஐம்பது அடிக்கு அப்பால் மாற்ற வேண்டும், தவறினால் கடை பிரிக்கப்படும் என்று எழுதினேன். எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். அந்த நோட்டீஸிலும் நன்றாகத்தான் வந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் அதை நானே எடுத்துக்கொண்டு போனேன். சாப்பிடும் கூட்டத்தின் நடுவில் அம்மா, "சத்தமா படி" என்றார். படித்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"சொவரு கட்டுன்னு அந்த ஆளுக்கு ஒரு காகிதம் எழுதினியா?"

"அதை எழுதச் சொல்லி யாரும் சொல்லலம்மா."

"ஓ" என்றார். அவ்வளவுதான். தட்டில் களியை வைத்து என் பக்கம் தள்ளினார். "துன்னு. ஆறிப்போவுது."



ஏழாம் நாள் காலை அவர் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு முனையைப் பாய் செங்கல் தூணில் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஆபீஸிலிருந்த அளவுச் சங்கிலியால் கயிற்றை அளந்து நான் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். மேட்டுப் பக்கம் பஸ்கள் நிற்கும் இடம். எதிர்ப் பக்கம் தோல் கம்பெனியின் மதில். மிச்சமிருந்தது பள்ளத்துப் பக்கம், ரோட்டோரச் சாக்கடை போய்ச் சேரும் சின்னப் பாலத்தருகே கொஞ்சம் புறம்போக்கு.

"ஆபா, மழைத் தண்ணியெல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடுது" என்றார் பாய்.

அம்மா என்னைப் பார்த்தார். "காகிதத்துல மேடு பள்ளம்னு எதுனா போட்டிருக்குதா?"

"இல்லை."

"அம்பது அடி மட்டுந்தான்?"

"ஆமா."

"சரி, பாத்துக்கோ" என்று முடிச்சு முடிந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தார். அங்கே அடுப்பு கட்டினார்.

அதோடு விடவில்லை. ஐம்பது அடி என்ற விதி தனக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல என்பதை அவர் நினைவில் வைத்திருந்தார். அன்றிலிருந்து தொட்டிப் பக்கம் யார் பீடி பற்றவைத்தாலும் கரண்டியோடு எழுந்து போவார். "கீழ போடு. அம்பது அடி." டிரைவர்கள் சிரித்துக்கொண்டே அணைத்தார்கள். வண்டிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார்கள். ஒரு நாள் முதலாளியே கொட்டகை வாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். கூட இரண்டு தோல் வியாபாரிகள். அம்மா நேரே போய் அவர் முன்னால் உள்ளங்கையை நீட்டினார்.

"குடு."

"இன்னா?"

"வாயில கீதே, அதைக் குடு. அம்பது அடி."

"இது என் எடம்மா."

"நெருப்புக்கு உன் எடம் என் எடம்னு தெரியாது. குடு."

வியாபாரிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். முதலாளி சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு உள்ளே போனார். அந்தச் சிரிப்பை அவர் மன்னிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சுவர் மட்டும் வரவே இல்லை. இரண்டு முறை கோப்பில் நினைவூட்டல் குறிப்பு வைத்தேன். இரண்டு முறையும் தலைவர் அதைப் படிக்காமலே திருப்பினார். மூன்றாம் முறை நான் வைக்கவில்லை.

சித்திரை வெயில். மத்தியானச் சங்குக்கு முன்பே நான் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். அன்று காலை நிறைய டின் வந்திருந்தது. முதலாளி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார், வண்டி திரும்பிப் போய் இன்னொரு நடை கொண்டுவர வேண்டுமாம். குச்சி விட்டு அளந்து பார்க்கப் பாய்க்கு நேரம் கொடுக்கவில்லை. தொட்டி நிரம்பி வழிந்தது. நிரம்பிய பாரம் தாங்காமலோ என்னவோ, ஏற்கெனவே ஒழுகிய ஆணி வரிசையும் பிரிந்துகொண்டது. தடுக்கச் சுவர் இல்லை. பெட்ரோல் தூணில் வழிந்து, தரையில் பரவி, சாக்கடையில் இறங்கி, பள்ளத்தை நோக்கி ஓடி வந்தது. பள்ளத்தில் அடுப்பு. அடுப்பின் முன்னால் நான்.

அம்மாவுக்குத்தான் முதலில் மூக்கில் ஏறியது. ஒரு கணம் தலையை நிமிர்த்தினார். பிறகு அடுப்பிலிருந்த களிப் பானையை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து, ஐம்பது பேருக்கான களியை அப்படியே எரிகிற விறகின் மேல் கவிழ்த்தார். அதன்மேல் மண்ணை வாரி வாரிப் போட்டார். புகைகூட வரவில்லை. என் தட்டைத் தட்டிவிட்டு, "ஓடு" என்றார்.

நான் ஓடினேன். அவர் ஓடவில்லை. ரோட்டு நடுவில் போய் நின்று, சங்கு ஊதி வெளியே வந்துகொண்டிருந்த ஆட்களைக் கையை விரித்துத் தடுத்தார். தொட்டியை ஒட்டி, பெட்ரோல் போட வந்த பஸ் ஒன்று நின்றிருந்தது. அதன் அடியிலும் பெட்ரோல் பரவிக்கொண்டிருந்தது.

"வண்டியை எடு, வண்டியை எடு" என்று முதலாளி கத்தினார்.

"தொடாதே. வண்டியைத் தொடாதே" என்று அம்மா கத்தினார்.

டிரைவர் இருவரையும் பார்த்தார். சம்பளம் கொடுக்கிறவர் சொன்னதைக் கேட்டார். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். எஞ்சின் ஒருமுறை இருமியது. பின்குழாயில் வெடித்த பொறியை நான் மதிலோரம் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது.

டிரைவர் தப்பினார். முதலாளிக்குப் புருவம் கருகியது. பாய் தொட்டியடியில் குழாயை மூட முயன்றுகொண்டிருந்தார். அந்த அம்மா உள்ளே போய் அவரை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்து வந்தார். சாயங்காலத்துக்குள் பாய் இறந்துவிட்டார். அம்மாவின் கைகள் முழங்கை வரை வெந்துவிட்டன. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் முதலாளி வந்து பேசிவிட்டுப் போனதும் தலைவர் என்னைக் கூப்பிட்டு அறிக்கை சொல்லச் சொல்ல எழுத வைத்தார். "ரோட்டோரப் புறம்போக்கில் அனுமதியின்றி நடத்தப்பட்ட களிக்கடை அடுப்பிலிருந்து தீ பரவியதாகத் தெரிகிறது." என் பேனா நின்றது.

"அந்த அடுப்பு அணைஞ்சிருந்துது சார். நான் அங்கதான் இருந்தேன்."

"நீர் ஓடிக்கிட்டு இருந்தீர்னு கேள்வி" என்றார் தலைவர். "ஓடுறவருக்குப் பின்னால நடக்கிறது தெரியுமா? உமக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை இல்லையா? எழுதும்."

எழுதினேன். நல்ல பிரதியும் எடுத்தேன். மேலதிகாரிகளைக் குறை சொல்லிப் பிழைக்கிற வயது போய்விட்டது எனக்கு. ஆகவே என்னையே சொல்லிக்கொள்கிறேன்: அந்தப் பொய்யின் இரண்டு பிரதிகளும் என் கையெழுத்தில்தான் இருந்தன.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து, பெட்ரோல் லைசென்ஸ்களைப் பார்க்கும் ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். நடுத்தர வயது, அதிகம் பேசாதவர். பிரயாணிகள் பங்களாவில் வைத்து விசாரித்தார். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு கைகளிலும் கட்டோடு ஆம்பூரில் இருந்த தன் தங்கையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தானாகவே வந்து நின்றார்.

"அடுப்பு எரிஞ்சுதா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அணைச்சேன். நெருப்பு வர்றதுக்கு முன்னவே அணைச்சேன்."

"பார்த்தவங்க இருக்காங்களா?"

அவர் முகவாயால் என்னைக் காட்டினார். "இந்த ரைட்டரு என் எதிர்ல குந்தினு துன்னுனு இருந்தாரு. கேளு."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தலைவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். அது போதுமானதாக இருந்தது.

"குழப்பமா இருந்தது. சரியா கவனிக்கலை" என்றேன்.

அந்த அம்மா என்னைத் திட்டியிருக்கலாம். ஊரறிய அதைச் செய்ய அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் திரும்பிக்கொண்டார்.

"இவரு கவனிக்கல. நீயாவது வந்து பாரு. அடுப்பு அங்கயேதான் கீது."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். எல்லோரும் பின்னால் போனோம். கருகிய ரோட்டோரத்தில் அந்த அடுப்பு அப்படியே கிடந்தது. பத்து நாளாக அதை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அறிக்கை எழுதச் சொன்னவரும் பார்க்கவில்லை, எழுதியவனும் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் கைத்தடியால் மேல் மண்ணைத் தள்ளினார். அடியில் கல்லாக இறுகிய களி. ஆளை வைத்து அதைப் பெயர்த்தார். அதற்கும் அடியில், முனை மட்டும் கருகி, முக்கால் பாகம் எரியாத விறகு.

அவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு மேட்டைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார்.

"இந்தப் பள்ளத்துல அடுப்பு வைக்கச் சொன்னது யாரு?"

"அம்பது அடி" என்றார் அம்மா. "நோட்டீஸ் கீது. இவரு எழுதினது. தங்கச்சி, அதை எடுத்துக் காட்டு."

தங்கை மடியிலிருந்து நோட்டீஸை எடுத்துக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டுத் தலைவரிடம், "தொட்டியைச் சுத்திச் சுவர் கட்டச் சொன்ன நோட்டீஸ் எங்கே?" என்று கேட்டார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

யூனியன் அறிக்கை தள்ளப்பட்டது. பிறகு நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் வயிறெரியும். முதலாளியின் லைசென்ஸ் ரத்தாகவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டது. ஊருக்கு வெளியே வேறு இடம் பார்த்து, புதுத் தொட்டி வைத்து, சுற்றுச்சுவர் கட்டினால் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். தலைவர் தலைவராகவே இருந்தார். பாயின் மனைவி இரண்டு பெண் குழந்தைகளோடு ஆபீஸ் வராந்தாவில் மூன்று நாள் உட்கார்ந்திருந்து வாணியம்பாடிக்குத் திரும்பிப் போனார். முதலாளி அவசரத்தில் அளக்க விடவில்லை என்பது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. "ஊழியரின் கவனக்குறைவு" என்று ஏறியது. நல்ல வேளை, அதை வேறு யாரோ எழுதினார்கள்.

ஐப்பசியில் புதுத் தொட்டி தயாரானது. இந்த முறை சுவர் இருந்தது. இடுப்புயரம், வெளியே வெள்ளையடித்து அழகாக. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட வந்தார். மாலை, ரோஜாத்தண்ணீர் எல்லாம் தயார். கோப்போடு நானும் போயிருந்தேன். அப்போது ஆம்பூர்ப் பக்கமிருந்து அந்த அம்மா நடந்து வந்தார். கட்டுகள் பிரிந்திருந்தன. விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கி ஒட்டிப்போயிருந்தன. யாரும் வழிவிடவில்லை, அவரே வந்து சுவரருகே நின்றார்.

"மொத்தமும் கொட்டினாலும் வெளிய வராதுன்னு காகிதத்துல போட்டிருக்குது. கொட்டிக் காட்டு."

"பெட்ரோலையா கொட்டச் சொல்றே?" என்று முதலாளி சிரித்தார்.

"செவுத்துக்குள்ள தண்ணி ஊத்து. தொட்டி எவ்ளோ புடிக்குமோ அவ்ளோ ஊத்து."

முதலாளி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நிழலில் ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். "ஊத்துங்க" என்றார்.

தோல் கம்பெனியின் தண்ணீர் வண்டி வந்தது. ஆட்கள் போதவில்லை என்றதும் நானும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குடம் தூக்கினேன். யாரும் சொல்லவில்லை. மத்தியானம் தாண்டி மூன்று மணி வரை ஊற்றினோம். அம்மா சுவரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார். தண்ணீர் முக்கால் சுவர் உயரம் ஏறியதும் பின்பக்க மூலையில் நின்றுவிட்டார். நான் குடத்தோடு அவரைத் தாண்டப் போனேன். தீப்பிடித்த நாளுக்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை.

"இங்க இன்னா தெரியுது?"

குனிந்து பார்த்தேன். வெள்ளையடிப்பு உப்பிக்கொண்டு வந்தது. அடியில் மண் ஈரமாகிப் பளபளத்தது.

"கசியுதும்மா."

"எங்கிட்ட ஏன் சொல்றே? எனக்குக் கண்ணு கீது."

குடத்தைக் கீழே வைத்தேன். அங்கிருந்து இன்ஸ்பெக்டரின் நாற்காலி வரை இருபது முப்பது அடி இருக்கும். வழியில் தலைவர் நின்றிருந்தார். "ரைட்டர், எதுனாலும் அப்புறம் பேசிக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார். நான் அவரைத் தாண்டிப் போனேன்.

"சார், பின்மூலையில் சுவர் ஒழுகுகிறது. நான் பார்த்தேன். நீங்களும் வந்து பாருங்கள்."

எல்லோருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் வந்து ஈரத்தைத் தொட்டார். கைத்தடியால் ஒரு தட்டு தட்டியதும் காரை உதிர்ந்தது. உள்ளே சுண்ணாம்பில்லை, வெறும் சேறு வைத்துச் செங்கல் அடுக்கியிருந்தார்கள். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். சுவர் இடிக்கப்பட்டு மறுபடி கட்டப்பட்டது. மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள். அந்த அம்மா மறுபடியும் வந்து சுற்றி நடந்தார். ஒரு சொட்டு வரவில்லை. அதன் பிறகுதான் பெட்ரோல் உள்ளே போனது.

அடுத்த மாதம் என்னை வேலூர்ப் பக்கம் அணைக்கட்டு என்ற ஊருக்கு மாற்றினார்கள். நிர்வாக வசதிக்காக என்று உத்தரவில் இருந்தது. பெட்டியோடு ஆம்பூர் வந்து, வேலூர் பஸ்ஸுக்கு முன்னால் அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று தங்கை வீட்டுக்குப் போனேன். தங்கை களி கிண்டிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கம்மி, தீ ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னா?"

"என்னை மாத்திட்டாங்கம்மா. போயிட்டு வர்றேன்னு சொல்ல வந்தேன்."

"பாய் சம்சாரத்துக்கு இன்னா குடுத்தாங்க?"

"இன்னும் ஒண்ணும் குடுக்கலை."

"பாய் மேலதான் தப்புன்னு எழுதியிருக்காங்களே, அதை யாரு மாத்தினாங்க?"

"யாரும் மாத்தலை."

"அப்போ இன்னாத்துக்குப் போயிட்டு வர்றேன்னு வந்து நிக்கிறே?" என்றார் அந்த அம்மா. "உக்காரு. நீ அங்க இருந்து பாத்தது மொத்தத்தையும் எழுது. நான் சொல்றதையும் எழுது. வாணியம்பாடிக்குப் போய் அவ கைநாட்டு வாங்கினு வருவோம்."

தெருமுனையில் வேலூர் பஸ் ஹாரன் அடித்தது. நான் பெட்டியைத் திறந்து காகிதத்தை வெளியே எடுத்தேன்.